மூடில் வகுப்பில் பேராசிரியர்கள்

மே 6, 2024, திங்கள்

பிளஸ் டூ தேர்வு முடிவு வெளியாகும் நாளில், மூடில் என்ற இணையப் பாடத் தளத்தில் கல்லூரி ஆசிரியர்களுக்கு நான் நடத்தும் பயிற்சியைத் தொடங்க வேண்டும் என்று யாருக்குத் தோன்றியதோ! 9.30 மணிக்குக் கூடத்தில் இருந்த அத்தனை கைப்பேசிகளும் ஒருசேர வெளியே வந்தன. மாநிலத் தேர்ச்சி 94.56 சதவீதம், அக்காள் மகன், எதிர்வீட்டுப் பெண், மகளின் தோழி என்று ஒவ்வொருவரின் மதிப்பெண்ணும் பேசி முடிந்த பிறகுதான் என் குரல் எடுபட்டது.

வந்திருப்பவர்களில் பாதிப் பேர் சான்றிதழுக்காக வந்தவர்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறைப்படி பதவி உயர்வுக்கு இத்தகைய பயிற்சிகள் கணக்கில் வரும். எனக்கு அதில் வருத்தமில்லை. உட்கார்ந்துவிட்டால் எதையாவது எடுத்துக்கொண்டுதான் போவார்கள்.

பெரிய தடை வேறு. 2020 ஊரடங்கில் எல்லோருமே இணையவழியில் பாடம் நடத்தியவர்கள். "கேட்கிறதா? தெரிகிறதா?" என்று கறுப்புக் கட்டங்களைப் பார்த்துக் கத்தியது, இலவச சூம் 40 நிமிடத்தில் அறுந்தது, வருகைப் பதிவில் மட்டும் இருந்த மாணவர்கள்: இணையக் கல்வி என்றால் அவர்களுக்கு இதுதான். ஆகவே இந்த வாரம் நேரலை வகுப்பின் பக்கமே போவதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். மூடில் மட்டும்தான்.

மே 7, செவ்வாய்

மடிக்கணினிகளை மூடச் சொன்னேன். ஒவ்வொருவருக்கும் ஒரு மாணவர் கணக்கு. கல்லூரி வைஃபை கூடாது, சொந்த டேட்டாவில் கைப்பேசி வழியாக உள்ளே போக வேண்டும். சென்ற பருவத்தில் தாங்களே ஏற்றிய பாடத்தைத் திறந்து, இரண்டாம் அலகைப் படித்து, ஒரு பணியைச் சமர்ப்பிக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை.

கால் மணி நேரத்தில் கூடம் சந்தைக்கடை ஆகிவிட்டது. வேதியியல் மேடத்தின் குறிப்புகள் ஸ்கேன் செய்யப்பட்டவை. பக்கங்கள் பக்கவாட்டில் கிடந்தன. கைப்பேசியைத் திருப்பினால் படமும் கூடவே திரும்புகிறது. கடைசியில் கழுத்தைச் சாய்த்துப் படித்தார். வணிகவியல் சாரின் இருப்புநிலைக் குறிப்பு அட்டவணையில் பொறுப்புகள் பக்கம் தெரிந்தால் சொத்துகள் பக்கம் தெரியவில்லை. "இதைத்தான் பிள்ளைகள் படித்தார்களா?" என்று அவர் கேட்டபோது யாரும் சிரிக்கவில்லை.

எந்தப் பயிற்சியிலும் முதல் நாளே கருவிகளின் பெயரை அடுக்கிவிடுகிறார்கள். எந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்பதை யாரும் ஒரு மணி நேரத்தில் கற்றுக்கொள்வார்கள். மறுமுனையில் தன் பாடம் எப்படிப் போய் விழுகிறது என்பதை ஆசிரியர் ஒருமுறை பார்த்துவிட்டால், மற்றதை அவரே கேட்டு வாங்கிக்கொள்வார். இன்று மாலை பொத்தான்களைப் பற்றி எனக்கு வந்த கேள்விகளுக்குப் பதில் சொல்லி மாளவில்லை.

மே 8, புதன்

தமிழ்த்துறை ஐயாவின் முறை. பல ஆண்டுகளாகச் சேர்த்த இலக்கணக் குறிப்புகள் எல்லாம் வானவில் எழுத்துருவில் இருக்கின்றன. அவருடைய கணினியில் அழகான தமிழ். மூடிலில் ஒட்டினால் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் குப்பையாக வந்து விழுகின்றன. அந்த எழுத்துருவில் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்தின் குறியீடு, மேலே தமிழ் உருவம் போர்த்தியிருக்கிறது. எழுத்துரு இல்லாத கைப்பேசியில் போர்வை நழுவிவிடுகிறது. ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் தனிக் குறியீடு தரும் பொதுமுறையான யூனிகோடைத் தமிழக அரசு 2010-லேயே ஏற்றுக்கொண்டது. கல்லூரி அலமாரிகளுக்கு அந்தச் செய்தி மெதுவாகத்தான் வந்து சேர்கிறது. யூனிகோடுக்கு மாற்றும் மென்பொருளில் போட்டு, ஒரு கோப்பு முழுவதையும் அவருடன் உட்கார்ந்து சரிபார்த்தேன். புணர்ச்சி விதிகளின் நடுவே ஒற்றெழுத்து ஒன்று காணாமல் போயிருந்ததை அவர்தான் கண்டுபிடித்தார். நான் கவனித்திருக்கவே மாட்டேன்.

மே 9, வியாழன்

வணிகவியல் சார் 52 நிமிடக் காணொளி ஒன்றைப் பதிவு செய்து கொண்டுவந்தார். வகுப்பு நேரம் அவ்வளவுதானே என்பது அவர் வாதம். 2014-ல் எட்எக்ஸ் என்ற இணையக் கல்வித் தளத்தின் நான்கு பாடங்களில் 69 லட்சம் பார்வைகளை ஆராய்ந்த கட்டுரையைக் காட்டினேன்: காணொளி எவ்வளவு நீளமாக இருந்தாலும் மாணவர்கள் பார்த்த நேரத்தின் இடைநிலை அளவு ஆறு நிமிடத்தைத் தாண்டவில்லை. அவர் அசையவில்லை. தினம் ஒன்றரை ஜிபி டேட்டாவில் அண்ணன், தங்கையோடு பங்கு போடும் மாணவி இதை எப்படிப் பார்ப்பாள் என்று வேதியியல் மேடம் கேட்ட பிறகுதான் வெட்ட ஒப்புக்கொண்டார்.

கணிதத்துறை மேடம் எதுவும் பேசாமல் ஒரு வேலை செய்தார். நூலகத்திலிருந்து தடித்த புத்தகங்களை எடுத்து இரண்டு அடுக்காக வைத்தார். நடுவில் பாலம் போல ஒரு மர அளவுகோல். அதன்மேல் கைப்பேசி, கேமரா மட்டும் வெளியே நீட்டிக் கீழ்நோக்கி. அடியில் வெள்ளைத் தாளும் கறுப்பு ஸ்கெட்ச் பேனாவும். வலக்கை நிழல் எழுத்தின்மேல் விழாதபடி ஜன்னல் இடப்பக்கம் வருமாறு மேசையைத் திருப்பிக்கொண்டார். பகுதித் தொகையிடலில் ஒரே ஒரு கணக்கு. முகம் இல்லை, ஸ்லைடு இல்லை, கையும் குரலும் மட்டும். எந்தச் சார்பை முதலில் எடுப்பது என்ற இடத்தில் பேனா நின்றது. "நீங்கள் எதை எடுப்பீர்கள்? நிறுத்திவிட்டு எழுதிப் பாருங்கள்" என்றார். ஐந்து நிமிடத்துக்குள் முடிந்துவிட்டது. ஸ்மார்ட் போர்டு வாங்கத் தாள் அனுப்பிக் காத்திருப்பவர்கள் அதைச் சுற்றி நின்று பார்த்தார்கள்.

மே 10, வெள்ளி

கடைசி நாள். சர்வர் 2 எம்பிக்கு மேல் எந்தக் கோப்பையும் ஏற்கவில்லை. மூடில் எழுதப்பட்டிருக்கும் பிஎச்பி நிரல்மொழியின் இயல்பான வரம்பு அது. யாரும் மாற்றவே இல்லை. ஒரு வரி திருத்தம், அதற்கு ஒப்புதல் வாங்க மதியம் வரை ஆனது. மீதி நேரத்தில் வினாத் தொகுப்பு, பிறகு குழுப்படம், சான்றிதழ்.

ஜூலை 11, வியாழன்

கல்லூரி திறந்தாகிவிட்டது. பாடப் பக்கங்களைச் சுற்றிப் பார்த்தேன். சிலர் பழையபடி பிடிஎஃப்களைக் கொட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். கணித மேடத்தின் பக்கத்தில் குறுங்காணொளிகள் வரிசையாக ஏறிவருகின்றன. வணிகவியல் சார் 52 நிமிடத்தை ஏழாக வெட்டியிருக்கிறார். ஒவ்வொன்றிலும் முதல் ஒரு நிமிடம் வணக்கமும் நலம் விசாரிப்பும்தான்.

மாலையில் தமிழ்த்துறை ஐயா அழைத்தார். வினாடி வினா முதன்முறையாக நடத்தியிருக்கிறார். மாணவர்கள் முறையிடுகிறார்களாம்: 'மேற்கண்ட அனைத்தும்' என்ற விடை முதல் வரிசையில் வந்து நிற்கிறது, அதற்கு மேலே எதுவுமே இல்லை! மூடில் விடைகளைத் தானாகக் கலைத்துப் போடும், அதற்கான கட்டத்தில் உள்ள டிக் குறியை எடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்றேன். எதற்கும் அந்த வகை வினாவையே தவிர்த்துவிடலாமே ஐயா என்றும் சொல்லிப் பார்த்தேன்.

"முப்பது வருடமாகக் கேட்கிற வினா அது. குறியை எங்கே எடுப்பது, அதை மட்டும் சொல்லுங்கள்" என்றார்.