எட்டா, இரண்டா?

2023இல் வேலை நிமித்தமாக மூன்று வாரம் சீனாவின் ஷென்சென் நகரில் இருந்தேன். இரண்டாம் வாரச் சனிக்கிழமை காலை என் மடிக்கணினி உயிர் பெறவில்லை. சார்ஜரைச் செருகினால் விளக்கு ஒரு நொடி மின்னி அணைந்தது. திங்கட்கிழமை தொழிற்சாலையில் சோதனை.

விடுதி வரவேற்பில் இருந்த பெண் ஒரு தாளில் மூன்று சீன எழுத்துகளை எழுதிக் கொடுத்தார்: ஹுவாசியாங்பெய். சென்னை ரிச்சி தெருவை மாடி மாடியாக அடுக்கினால் எப்படியிருக்குமோ, அப்படி ஒரு மின்னணுச் சந்தை. அங்கே நிற்கும் சேக் பிளாசாதான் 2021 மே மாதம் திடீரென ஆடி, உள்ளே இருந்தவர்களைத் தெருவுக்கு ஓடவைத்த கட்டடம். அதை நினைத்துக்கொண்டே மாடி ஏறினேன்.

கூகுள் அங்கே திறக்காது. மொழிபெயர்ப்புச் செயலியில் சீனத்தை முன்கூட்டியே இறக்கி வைக்கும் புத்தியும் எனக்கு இல்லை. தெரிந்த நான்கு சீனச் சொற்களில் உதவியது 'ஹுவாய் லெ' மட்டும். கெட்டுப்போய்விட்டது என்று பொருள்.

கடைக்காரருக்கு அதுவே போதுமாக இருந்தது. பின்மூடியைத் திறந்ததும், என் கோப்புகள் எல்லாம் இருக்கும் எஸ்எஸ்டியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். மொழி தெரிந்த ஊரிலும் இதைச் செய்வேன். அவர் முகம் சுளிக்கவில்லை.

மல்டிமீட்டர் முனைகளை மின்பாதையில் வைத்தார். கீச் என்றது. ஷார்ட்: மின்சாரம் போகக்கூடாத வழியில் போகிறது. என்னைப் பார்த்தார், நானும் தலையாட்டினேன். பிறகு சூடான பற்றவைப்புக் கோலை ரோசின் என்ற பிசினில் தொட்டு, எழுந்த புகையைச் சர்க்யூட் பலகைமேல் பிடித்தார். குங்கிலியம் போல மணந்தது. பலகை முழுவதும் மெல்லிய வெள்ளைப் படலம். ஒரு வோல்ட் அளவுக்கு மின்சாரம் கொடுத்ததும், ஷார்ட் இருந்த இடம் சூடேறி, மின்சாரத்தைத் தேக்கிவைக்கும், அரிசி நொய் அளவுள்ள ஒரு கெப்பாசிட்டரின் மேல் மட்டும் அந்த வெள்ளை உருகி மறைந்தது. பதினைந்து ஆண்டுகளாக இந்தத் துறையில் இருக்கிறேன். இந்த வித்தையை அன்றுதான் நேரில் பார்த்தேன். இதே சூட்டைக் கண்டுபிடிக்க வெப்பக் கேமரா வாங்கக் கோப்பு அனுப்பிவிட்டுக் காத்திருந்த மாதங்கள் நினைவுக்கு வந்தன.

கெப்பாசிட்டரை மாற்றி மீண்டும் முனைகளை வைத்தார். சத்தமில்லை. எஸ்எஸ்டிக்குக் கை நீட்டினார். திரை ஒளிர்ந்தது.

அதுவரை எங்களுக்குள் ஒரு குழப்பமும் இல்லை. விலை கேட்டபோதுதான் வந்தது. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் விரித்துக் காட்டினார். இரண்டு விரல், ஆகவே இருநூறு யுவான். பேரம் பேச மனம் வராமல் இரண்டு சிவப்பு நூறு நோட்டுகளை நீட்டினேன். அவர் சிரித்து, ஒன்றைத் திருப்பித் தள்ளிவிட்டுக் கால்குலேட்டரில் தட்டினார்: 80. சீனர்கள் ஒரே கையால் எண்ணும் முறையில் அந்தச் சைகை எட்டாம்.

மீதி இருபது அவரிடம் இல்லை. எல்லோரும் கைபேசியில் பணம் செலுத்தும் ஊரில் சில்லறைக்கு எங்கே போவது? நூறையே வைத்துக்கொள்ளச் சொல்லிக் கையசைத்தேன். கேட்கவில்லை. என்னை முக்காலியில் உட்காரவைத்துவிட்டு, நோட்டோடு கடை கடையாக ஏறி இறங்கப் போனார்.