வேலூரில் கண்டி ராசா

அம்மாவின் இருதயப் பரிசோதனைக்காக வேலூர் போயிருந்தோம். இலங்கை மலைநாட்டில் எங்கள் புசல்லாவைப் பக்கத்திலிருந்து வைத்தியத்துக்கு அங்கே போய்வந்தவர்கள் பலர். றிப்போட் கிடைக்க இரண்டு நாள் ஆகும் என்றார்கள். லொட்ஜ் அறைக்குள் அம்மாவால் இருக்க முடியவில்லை, அப்படியொரு வெக்கை. சரி, கோட்டையையாவது பார்ப்போம் என்று கூட்டிக்கொண்டு கிளம்பினேன்.

16ஆம் நூற்றாண்டுக் கோட்டை. கருங்கல் மதில், சுற்றிலும் தண்ணீர் நிறைந்த அகழி. உள்ளே ஜலகண்டேஸ்வரர் கோயிலின் கல்யாண மண்டபத்தில் அம்மா ஒவ்வொரு தூணாகத் தொட்டுப் பார்த்தார். நெடுங்காலம் மூலவர் இல்லாமல் கிடந்த கோயில், 1981இல்தான் திரும்பப் பிரதிஷ்டை ஆனது. திப்பு சுல்தானின் குடும்பத்தை அடைத்து வைத்ததும், 1806 ஜூலை 10 அன்று சிப்பாய்கள் கிளர்ந்ததும் இந்தக் கோட்டையில்தான்.

ஆனால் நான் தேடிப் போனது கண்டி மகாலை. எங்கள் மலைநாட்டின் கடைசி ராசா ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் கைதியாக இருந்த கோட்டை இது. கண்ணுசாமி என்ற பெயரோடு நாயக்கர் வம்சத்தில் பிறந்து, 1798இல் 18 வயதில் கண்டிச் சிம்மாசனம் ஏறியவர். 1815 பெப்ரவரியில் மெதமகாநுவரப் பக்கம் பிடிபட்டார். அடுத்த மாதம் 2ஆம் தேதி பிரதானிகள் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுக் கண்டியை வெள்ளைக்காரனிடம் கொடுத்தார்கள். சிலருடைய கையெழுத்து தமிழ் எழுத்தில் இருக்கிறது. 1816இல் ராசாவைக் கப்பலேற்றி இங்கே அனுப்பினார்கள்.

பள்ளிக்கூடத்தில் அவரைக் கொடுங்கோலர் என்றுதான் படித்தோம். தன்னை எதிர்த்த பிரதானி எஹலேபொலவின் மனைவி பிள்ளைகளைக் கொல்ல வைத்ததை யாராலும் நியாயப்படுத்த முடியாது, நானும் அதற்குப் போகவில்லை. ஆனாலும் ஏழாம் வகுப்புச் சுற்றுலாவில் கண்டி வாவிக் கரையில் நின்று, "இதை வெட்டியவர் தமிழ் பேசிய ராசா" என்று எங்கள் சேர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. தோட்டத்து லயத்துப் பிள்ளைகள் நாற்பது பேரும் வாவிக் கரையோரம் இருக்கும் அந்த மேகச் சுவரைத் தடவித் தடவிப் பார்த்தோம்.

சமாதி கோட்டைக்கு வெளியே, பாலாற்றங்கரையில். முத்து மண்டபம் என்கிறார்கள். ஆட்டோக்காரரிடம் "கண்டி ராஜா சமாதி" என்றதுமே புரிந்துகொண்டார். ஆற்றில் தண்ணீர் இல்லை, மணல்தான். ராசாவின் கல்லறையும் அவருடைய குடும்பத்தாரின் கல்லறைகளும் அங்கே இருக்கின்றன. 1832 ஜனவரி 30 அன்று இறந்தார் என்று அம்மாவுக்குச் சொன்னேன். அம்மா விரல் விட்டு எண்ணினார்.

"பதினாறு வருசமா மகன்? நம்ம ஊர்க் குளிர்ல இருந்த மனுசன். இந்த வெயில எப்படித் தாங்கினாரோ!"

எனக்குப் பேச்சு வரவில்லை. இத்தனை வருடம் படித்ததில் குளிரைப் பற்றி ஒருநாளும் நான் யோசித்ததில்லை. ராசாவை இந்தியப் பக்கம் அனுப்பிப் பத்து வருடம் ஆவதற்குள், அதே வெள்ளைக்காரன் கோப்பித் தோட்டத்துக்கென்று எங்கள் ஆட்களை இலங்கைப் பக்கம் கொண்டுவரத் தொடங்கிவிட்டான். வெயிலில் பிறந்தவர்கள் மன்னாரிலிருந்து காடு வழியாக நடந்து மாத்தளைக்கு வந்து, போர்வை இல்லாமல் மலைக் குளிரில் கிடந்தார்கள். பாதி வழியில் செத்தவர்களுக்குக் கல்லறையும் இல்லை. அம்மாவின் பூட்டனும் அப்படி நடந்து வந்த ஒருவர்தான்.

அம்மா தலையிலிருந்த கனகாம்பரத்தை எடுத்துக் கல்லறை ஓரத்தில் வைத்தார்.

றிப்போட்டில் பயப்பட ஒன்றும் இல்லை, மாத்திரை மட்டும் தந்தார்கள். ஊர் திரும்பும்போது கண்டியில் பஸ் மாற வேண்டும். கொஞ்ச நேரம் வாவிக் கரையில் உட்கார வேண்டும் என்று அம்மா சொன்னார். மாலைக் காற்று குளிர்ந்து வீசியது. சுவெட்டரை நீட்டினேன், வாங்கிப் போடாமல் மடியில் வைத்துக்கொண்டார். புசல்லாவை பஸ் இரண்டு போன பிறகுதான் எழுந்தார்.