கேம் வச்சு இங்கிலிஷ் படிப்பிக்கப் போறாக்களுக்கு, நான் செய்து பாத்தது

வெள்ளவத்தைல எங்கட வீட்டு ஹோலுக்குள்ளயே ஒரு சின்ன இங்கிலிஷ் கிளாஸ் வச்சிருக்கிறன், தரம் 9, 10 பிள்ளையள் ஏழு பேர், எல்லாரும் தமிழ் மீடியம். போன்ல கேம் போட்டுப் படிப்பிக்கலாமோ எண்டு தெரிஞ்ச ரீச்சர்மார் ரெண்டு மூண்டு பேர் கேட்டவை, அதுதான் எழுதுறன். படிப்பிக்கலாம். ஆனா ஒண்டு பாக்கோணும், அந்தக் கேம்ல வெல்லுறதுக்குப் பிள்ளைக்கு இங்கிலிஷ் தேவைப்படுதோ இல்லையோ எண்டு. இங்கிலிஷே இல்லாம வெல்லலாமெண்டா அது வெறும் விளையாட்டு, பின்னேரம் வீட்டில விளையாடட்டும்.

நான் முதல்ல பிடிச்சது கஹூட் எண்ட கேள்வி-விடைக் கேம். கேள்வி டீவில வரும், பிள்ளையின்ட போன்ல சிவப்பு, நீலம், மஞ்சள், பச்சை எண்டு நாலு கட்டம், சரியான விடைய கெதியா அமத்தினா கூட பொயின்ட்ஸ். சரியான சத்தம், சிரிப்பு, நானும் கிளாஸ் நல்லாப் போகுதெண்டுதான் நினைச்சன். மூண்டு கிழமை கழிச்சுத்தான் கவனிச்சன், ரெண்டு பொடியங்கள் கேள்விய வாசிக்கிறதே இல்ல, ஏதோ ஒரு நிறத்தை டக்கெண்டு அமத்தினா நாலில ஒண்டு விழும்தானே. ஒரு பிள்ளை இருக்கிறா, ஆறுதலா வாசிச்சு யோசிச்சு சரியா அமத்துறவ, அவ எப்பவும் அடியில. பிறகு அவ போனைக் கவுட்டு வச்சிட்டு இருக்கத் தொடங்கிட்டா. அது நான் டைமரை 20 செக்கன்ல விட்ட பிழை. இப்ப 60 இல்லாட்டி 90 வைக்கிறன், ரெண்டு பேருக்கு ஒரு போன், அமத்த முந்தி ரெண்டு பேரும் கதைச்சு முடிவெடுக்கோணும். படிச்ச சொல்லுகளைத் திருப்பிப் பாக்க அது காணும்.

வேர்டிலும் நல்லம், அஞ்செழுத்துச் சொல்லு, ஆறு தரம் ட்ரை பண்ணலாம், ஸ்பெல்லிங் பழகும். கிளாஸ் தொடங்க முந்தி அஞ்சு நிமிசம் போதும்.

உண்மையா கதைக்க வச்சது அமங் அஸ் தான். 2018ல வந்த கேம், 2020 கொரோனா லொக்டவுன் நேரம்தான் எங்கட பிள்ளையள் எல்லாம் பழகினது. எல்லாரும் ஒரு விண்கப்பல்ல வேலை செய்யினம், அதுக்குள்ள ஒராள் ரெண்டு பேர் களவா மற்றாக்களைக் கொல்லுவினம், உடம்பைக் கண்டா மீட்டிங் கூடும், ஆர் எங்க நிண்டது, ஆர் ஆரைக் கண்டது எண்டு கேட்டு வோட் போட்டு ஒராளை வெளில போடோணும். யோசிச்சுப் பாருங்கோ, அந்த மீட்டிங்ல வாற கேள்வி முழுக்க பாஸ்ட் டென்ஸ். வேர் வேர் யூ, வட் வேர் யூ டூயிங், ஹூ வாஸ் வித் யூ. நான் போர்ட்ல எழுதி எழுதிக் களைச்ச பாஸ்ட் கன்டினியூவஸ் அவையின்ட வாயில தானா வருது, ஏனெண்டா சொல்லாட்டி கப்பல்ல இருந்து தூக்கிப் போட்டிடுவினம்.

முதல்ல தமிழ் கதைச்சா வோட் இல்லையெண்டு ஒரு சட்டம் போட்டன். எல்லாரும் ஊமையாகிட்டினம். அதை விட்டிட்டு, விளையாட முந்தி எட்டு வசனம் போர்ட்ல எழுதி விட்டன், பாத்துச் சொல்லலாம். ரெண்டாம் கிழமை அந்த ஆறுதலான பிள்ளைய எல்லாரும் சேர்ந்து கள்ளன் எண்டு சொல்ல, அவ எழும்பி நிண்டு, ஐ வாஸ் இன் மெட்பே, ஹீ வாஸ் கம் அவுட், ஐ சீ ஹிம், ஐ சீ ஹிம் எண்டு ஒரு பொடியனைக் காட்டினா. மெட்பே எண்டது அந்தக் கப்பல்ல இருக்கிற மருத்துவ அறை. கம், சீ ரெண்டும் பிழை, நான் வாய் திறக்கேல்ல. அந்த இடத்தில திருத்தினா அடுத்த கிழமை அவ எழும்ப மாட்டா. துண்டில குறிச்சு வச்சு, கேம் முடிஞ்சாப் பிறகு ஆற்ற பேரும் சொல்லாம போர்ட்ல போட்டு எல்லாருமாத் திருத்தினம்.

பிறகு போனை எல்லாம் மேசைல வச்சிட்டு, நடந்ததை ரிப்போர்ட்டா 100 சொல்லில எழுதோணும். இதை விடாதேங்கோ. ஓ/எல் (சாதாரண தர) இங்கிலிஷ் பேப்பர்ல கடைசி டெஸ்ட் 200 சொல்லுக் கட்டுரை, வெறும் தாளைப் பாத்து முழிச்ச பிள்ளையள் இதை எழுதேக்க இடம் காணேல்ல மிஸ் எண்டு கேக்கினம். ஒரு அம்மா, காசு கட்டி கேமோ விளையாட விடுறீங்கள் எண்டு கோவமா வந்தவ, அவவுக்கு அந்தக் கொப்பியைத்தான் காட்டினன்.

டேட்டாவுக்குப் பயப்பிடாதேங்கோ, லோக்கல் எண்டு ஒரு மோட் இருக்கு, ஒரே வைபைல எல்லாரும் சேரலாம். வெளியாக்கள் வாற பப்ளிக் ரூமுக்கு மட்டும் விட வேண்டாம். எல்லாரிட்டயும் போன் இல்லாட்டி, ரோட்டுப் படங்களைக் காட்டுற கூகுள் ஸ்ட்ரீட் வியூவில ஒரு ரோட்டை எடுத்து ஒரு பிள்ளையிட்டக் குடுங்கோ, மற்றாக்கள் இங்கிலிஷ்ல கேள்வி கேட்டு இடத்தைக் கண்டுபிடிக்கட்டும். போன கிழமை நான் கொழும்பு கோல்பேஸ் கடற்கரையைப் போட்டுக் குடுத்தன், இஸ் தேர் எ சீ எண்டு முதல் கேள்விலயே ஒராள் பிடிச்சிட்டான். அடுத்த முறை அவையே இடம் தெரிவு செய்யப் போகினமாம்.