ஏற்றுவதற்கு முன்னர் சொல்ல வேண்டியது

2025 ஜனவரி 9, வியாழக்கிழமை. உருத்திரபுரம்

கட்டுநாயக்காவில் இறங்கி, இரவுப் பேருந்தில் ஏ9 வீதியால் வந்து, விடியும் வேளையில் கரடிப்போக்குச் சந்தியில் இறங்கினேன். மூன்று ஆண்டுகளாக மாலைதீவில், மிதவை பூட்டிய ட்வின் ஒட்டர் விமானத்தில் துணை விமானியாக இருக்கிறேன். கடலிலிருந்து எழும்பி, தீவொன்றின் அருகே மறுபடியும் கடலில் இறங்கி, சுற்றுலாப் பயணிகளை விட்டுவிட்டு வருவதே நாளாந்த வேலை. வெறுங்காலுடன் விமானம் ஓட்டுகிறவர்கள் என்று எங்களைப் பற்றிச் சொல்வார்கள், அது உண்மைதான்.

இந்த முறை விடுமுறை ஓய்வுக்கானதன்று. வளைகுடாவில் தனியார் ஜெட் விமானங்களைப் பொறுப்பெடுத்து நடத்தும் நிறுவனம் ஒன்று 17ஆம் திகதி காணொளி மூலம் என்னை நேர்காணவிருக்கிறது. செல்வந்தர் ஒருவரோ ஒரு கம்பனியோ சொந்தமாக வைத்திருக்கும் விமானத்தை, அவர்கள் போக நினைக்கும் நேரத்துக்கு, போக நினைக்கும் இடத்துக்கு ஓட்டிச் செல்லும் உத்தியோகம் அது. முற்றத்தில் இதை விளக்கி முடித்ததும் பக்கத்து வீட்டு மாமா, "அப்ப பிள்ளை, முதலாளியின்ர டிறைவர் வேலை எண்டு சொல்லு" என்றார். அம்மாவுக்கு முகம் சுருங்கியது. முப்பது வருடம் முதலாளிமாரின் லொறி ஓட்டிய அப்பா மட்டும் வாய்விட்டுச் சிரித்தார்.

2025 ஜனவரி 11, சனிக்கிழமை

பறப்புப் பதிவேட்டை மேசையில் விரித்து வைத்துக் காலை முழுவதும் கணக்குப் பார்த்தேன். மொத்தம் 1,340 மணித்தியாலம். இரத்மலானையில் பயின்று வணிக விமானி அனுமதிப்பத்திரம் எடுத்த நாளில் இருந்தது 200க்குச் சற்று மேல். சர்வதேச விதிப்படி அந்த அனுமதிப்பத்திரத்துக்கு 200 மணித்தியாலம் போதும். அங்கீகரிக்கப்பட்ட பயிற்சித் திட்டமொன்றில் தொடர்ந்து படித்தவர்களுக்கு 150. அதற்கு மேலேயுள்ள, பெரிய விமானங்களில் தலைமை விமானியாவதற்கு வேண்டிய அனுமதிப்பத்திரத்துக்கோ 1,500 மணித்தியாலம் வேண்டும். கையில் பத்திரம் இருந்தும் வேலை கிடைக்காமல், வேலை இல்லாததால் மணித்தியாலமும் சேராமல், இந்த இரண்டு எண்களுக்கு நடுவே கரைந்துபோன நண்பர்கள் எனக்கு உண்டு. அப்பா விற்ற இரண்டு ஏக்கர் வயலும் அப்படிக் கரைந்துவிடுமோ என்று பயந்து ஒன்றரை வருடம் இருந்தேன்.

கணக்கில் ஒரு நிரல் மெலிந்து கிடக்கிறது. மாலைதீவில் நாங்கள் பகலில் மட்டும், கண்ணால் கடலையும் தீவையும் பார்த்தே பறக்கிறோம். முகிலுக்குள் கருவிகளை மட்டும் நம்பிப் பறந்த நேரமும், இரவில் பறந்த நேரமும் எனக்கு மிகக் குறைவு. தனியார் ஜெட் என்பது நள்ளிரவில் அழைப்பு வந்து, இதுவரை பார்த்திராத ஓர் ஓடுபாதையில் மழைக்குள் இறங்க வேண்டிய வேலை. இதைத் தேர்வில் கேட்பார்கள். மறைக்கவும் முடியாது, மறைக்கவும் கூடாது.

ஊரிலிருந்து இந்தத் துறையைப் பற்றிக் கேட்கும் தம்பி, தங்கைகளுக்கு நான் முதலில் சொல்வது ஒன்றுதான்: பயிற்சிப் பள்ளிக்கு ஒரு சதம் கட்டுவதற்கு முன் விமானிகளுக்கான முதலாம் தர மருத்துவப் பரிசோதனையைச் செய்துவிடுங்கள். கண்ணிலோ காதிலோ இருதயத்திலோ ஒரு குறை காணி விற்ற பிறகு தெரியவருவதைப்போலக் கொடுமை வேறில்லை. அந்தச் சான்றிதழை ஆண்டுதோறும் புதுப்பிக்கவும் வேண்டும். அடுத்தது ஆங்கிலம். ஆறு படிகளில் குறைந்தது நான்காம் படி எட்ட வேண்டும். நான்கில் நின்றால் மூன்று வருடத்துக்கு ஒரு முறை மறுபடியும் பரீட்சை. வன்னிப் பாடசாலையில் படித்த எனக்கு விமானத்தை ஓட்டப் பழகுவதைவிட இதுவே கடினமாக இருந்தது.

2025 ஜனவரி 12, ஞாயிற்றுக்கிழமை

மத்தியானம் உயரத்தில் ஒரு விமானம் போனது. அம்மம்மா திண்ணையிலிருந்து எழுந்து, அது மறையும் வரை நின்று பார்த்துவிட்டே அமர்ந்தார். பறக்கும் எல்லாவற்றையும் குண்டு போடும் கிபிர், ஆளில்லாமல் வேவு பார்க்கும் வண்டு என்று இரண்டாகப் பிரித்துப் பெயர் வைத்து, சத்தத்தைக் கொண்டே பதுங்குகுழிக்கு ஓடுவதா வேண்டாமா என்று முடிவு செய்த காலத்தில் எனக்குப் பத்து வயது. இதற்கு மேல் இதைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை.

2025 ஜனவரி 14, செவ்வாய்க்கிழமை

பொங்கல். பானை கிழக்குப் பக்கம் பொங்கி வழிந்ததால் வேலை நிச்சயம் என்று பெரியம்மா அறிவித்துவிட்டார்.

2025 ஜனவரி 16, வியாழக்கிழமை

நாளைக்கு ஆயத்தமாக இரண்டு விபத்து அறிக்கைகளை மறுபடியும் வாசித்தேன். இரண்டும் அமெரிக்காவில் நடந்தவை. இரண்டிலும் விபத்துக்குள்ளானவை கல்ஃப்ஸ்ட்ரீம் வகைத் தனியார் ஜெட்கள்.

முதலாவது 2001 மார்ச் 29 அன்று, மலைகளுக்கு நடுவே இருக்கும் ஆஸ்பென் விமான நிலையத்தருகே நடந்தது. வாடகைக்கு அமர்த்தியவரின் விருந்தினர்கள் தாமதமாக வந்ததால் விமானம் லொஸ் ஏஞ்சல்ஸிலிருந்து 41 நிமிடம் பிந்திப் புறப்பட்டது. இருட்டிய பின் அந்த விமானம் அங்கே இறங்கக் கூடாது. பனி பெய்துகொண்டிருந்தது; ஓடுபாதை கண்ணுக்குத் தெரியாமலே விமானிகள் அனுமதிக்கப்பட்ட உயரத்துக்குக் கீழே இறங்கினார்கள். பதினெட்டுப் பேரும் இறந்தார்கள். விபத்துக்குத் துணைபோன காரணங்களுள் ஒன்றாக, வாடகைக்கு அமர்த்தியவர் தலைமை விமானிக்குக் கொடுத்த நெருக்குதலை விசாரணையாளர்கள் எழுதி வைத்தார்கள். கடைசி நிமிடங்களில் பயணி ஒருவர் விமானிகளின் அறைக்குள்ளேயே வந்து அமர்ந்திருந்தார் என்பதை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு முதுகு குளிர்கிறது.

இரண்டாவது, 2014 மே 31, பெட்ஃபோர்ட். தரித்து நிற்கும் விமானத்தின் சுக்கான்களைக் காற்று அசைக்காமல் பூட்டி வைக்கும் பொறியை விடுவிக்காமலே விமானிகள் ஓடுபாதையில் வேகமெடுத்தார்கள். விமானம் எழும்பவில்லை, ஏழு பேர் இறந்தார்கள். சுக்கான்களை முழுமையாக அசைத்துப் பார்த்திருந்தால் பூட்டு அப்போதே தெரிந்திருக்கும். ஆனால் அதே விமானிகள் அதற்கு முந்திய 175 புறப்பாடுகளில் 98 சதவீதமானவற்றில் அந்தச் சோதனையை முழுமையாகச் செய்திருக்கவில்லை.

இதை அப்பாவுக்குச் சொன்னபோது, "சில்லுக்கு வச்ச கட்டையை எடுக்காமல் லொறியை எடுத்த மாதிரி" என்றார். பல வருடம் ஒரே கிளீனருடன் ஓடினால் இருவரும் ஒருவரையொருவர் நம்பிக் கட்டையை மறப்பார்கள் என்றும், அதனால் தான் எப்போதும் இறங்கி ஒரு சுற்று நடந்து பார்த்த பிறகே ஏறியதாகவும் சொன்னார். பெட்ஃபோர்டின் இரண்டு விமானிகளும் பல வருடம் சேர்ந்து பறந்தவர்கள் என்பதை நான் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை.

ஆஸ்பெனைப் பற்றி அவர் நெடுநேரம் யோசித்தார். பின்னர் தன்னுடைய கதை ஒன்றைச் சொன்னார். நெல் மூட்டையை அளவுக்கு மேல் ஏற்றச் சொன்ன முதலாளி ஒருவரிடம், ஏற்றி முடித்து, கயிறும் கட்டிய பிறகு, பிறேக் தாங்காது, ஓட மாட்டேன் என்று சொல்லிவிட்டாராம். முதலாளி கூலியாட்கள் முன்னிலையில் அவமானப்பட்டதாக நினைத்தார். வேறொருவர் லொறியை எடுத்துச் சென்றார். அப்பாவுக்கு மூன்று மாதம் வேலை இல்லை. "நான் சொன்னது சரி, பிள்ளை. சொன்ன நேரம்தான் பிழை. முதல் மூட்டை ஏற முதலே சொல்லியிருக்க வேணும்."

நான் அறிக்கையைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். அந்த 41 நிமிடமும் விமானம் லொஸ் ஏஞ்சல்ஸில், தரையில்தான் நின்றது. மலைகளுக்கு மேலே இருட்டில் சொல்ல முடியாமற்போன சொல்லை அங்கே சொல்லியிருக்கலாம்.

2025 ஜனவரி 17, வெள்ளிக்கிழமை

நேர்காணல் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் நீண்டது. கோயில் ஒலிபெருக்கி பாட்டை நிறுத்தவில்லை, மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

எதிர்பார்த்ததுபோலவே மெலிந்த நிரலைக் கேட்டார்கள், உள்ளதைச் சொன்னேன். தரையிறங்கும் அனுமதி, எரிபொருள், உணவு, பெட்டிகளை ஏற்றி இறக்குதல் ஆகியவற்றையும் விமானியே பார்க்க நேரும், அதைக் குறைவாக நினைப்பாயா என்று கேட்டார்கள். பெரிய விமான நிறுவனத்தில் இவற்றுக்கெல்லாம் தனித்தனி ஆட்கள் உண்டு. மாத அட்டவணையும் உண்டு. இங்கே தொலைபேசிதான் அட்டவணை. லொறிக்காரரின் மகளுக்கு மூட்டை ஏற்றுவது புதிதல்ல என்று சொல்ல நினைத்தேன், சொல்லவில்லை.

கடைசிக் கேள்வி இது: உரிமையாளருக்கு மாலைக்குள் போயாக வேண்டிய ஒரு கூட்டம் இருக்கிறது, அந்த இடத்தில் மூடுபனி வரும் என்கிறது முன்னறிவிப்பு, என்ன செய்வாய்? புறப்படும் நேரத்தில் அல்ல, முன்னறிவிப்பைப் பார்த்த கணத்திலேயே தலைமை விமானியிடம் சொல்வேன் என்றேன். பனி இல்லாத அயல் விமான நிலையத்தில் இறங்கினால் கார் அங்கிருந்து எத்தனை மணிக்குக் கூட்டத்துக்குப் போய்ச் சேரும் என்பதையும், இரண்டு மணித்தியாலம் முந்திப் புறப்பட்டால் என்ன ஆகும் என்பதையும் கணக்கிட்டு வைத்திருப்பேன் என்றேன். உரிமையாளரின் கையில் இரண்டு வழிகள் இருக்கும்போது மறுப்பு அவருக்கு மறுப்பாகத் தோன்றாது என்பது என் எண்ணம். மூவரில் வயதானவர் ஏதோ எழுதிக்கொண்டார்.

2025 ஜனவரி 22, புதன்கிழமை

கடிதம் வந்திருக்கிறது. சிறிய ஜெட் ஒன்றில் துணை விமானி. அந்த வகை விமானத்துக்கான தனித் தகுதியை, அதாவது டைப் ரேட்டிங்கை, நிறுவனமே சிமுலேட்டரில் பயிற்றுவித்துச் செலவையும் ஏற்கும். பதிலாக மூன்று வருடம் விலகுவதில்லை என்று நான் ஒப்பமிட வேண்டும், இடையில் விலகினால் எஞ்சிய பங்கைத் திருப்பிக் கட்ட வேண்டும். பெரியம்மா இனிப்புடன் வந்துவிட்டார்.

அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, என்னை ஒவ்வொரு வரியாக மொழிபெயர்க்கச் சொல்லிக் கேட்டார். முடித்ததும், "நீ விட்டால் நீ கட்டுறாய். அவை உன்னை நிப்பாட்டினால்?" என்றார். அப்படி ஒரு வரி கடிதத்தில் இல்லை.

ஒப்பமிடாமல், அந்த ஒன்றை மட்டும் கேட்டு இன்று பின்னேரம் மின்னஞ்சல் அனுப்பினேன். பிறகு இருவரும் எஞ்சியிருக்கும் ஒரு ஏக்கரைப் பார்க்கப் போனோம். கதிர் முற்றிவிட்டது, வெட்டும் இயந்திரத்துக்கு இன்னும் முறை கிடைக்கவில்லை.