முன்சக்கரத்தின் சிக்கலுக்குப் பின்ஸ்பிரிங்கில் கிடைத்த தீர்வு

கோவையை அடுத்த செட்டிப்பாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வேயின் நீளம் 2.1 கிலோமீட்டர்தான். வளைவு முடிவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும் அந்தத் தடத்தில், எஞ்சினின் வலுவைவிட காரின் திரும்பும் குணமே முதலில் வெளிப்படும். மாருதி எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களை உருவாக்கி, நம் ஊர் இளைஞர்கள் பலருக்குப் பந்தயத்தின் வாசலைத் திறந்துவிட்ட கரிவர்தனின் பெயரைத் தாங்கிய தடம் அது. அங்கே காரை ஓட்டும் ஒவ்வொரு முறையும் அவரை நன்றியோடு நினைத்துக்கொள்கிறேன்.

என்னுடையது முன்சக்கரங்கள் இழுக்கும் சிறிய ஹேட்ச்பேக் கார். வளைவின் நடுப்பகுதியில் ஸ்டீயரிங்கை எவ்வளவு கூடுதலாகத் திருப்பினாலும் அதன் மூக்கு வெளிப்பக்கமாகவே போய்க்கொண்டிருந்தது. அண்டர்ஸ்டீயர் என்று ஓட்டுநர்கள் சொல்லும் இந்தக் குறையைப் போக்க, ஒரு பட்டறையின் யோசனைப்படி, காரை 40 மில்லிமீட்டர் தாழ்த்தும் விறைப்பான ஸ்பிரிங்குகளை முன்னும் பின்னும் மாட்டினேன். கார் சாய்வது குறைந்தது உண்மைதான், ஆனால் மூக்கு முன்னைவிட மோசமாக வெளியே ஓடியது. அதற்கான காரணத்தைத் தேடிய பிறகுதான், ஸ்பிரிங் உண்மையில் என்ன வேலை செய்கிறது என்பது எனக்கு விளங்கியது.

வளைவில் உட்பக்கச் சக்கரங்களிலிருந்து வெளிப்பக்கச் சக்கரங்களுக்கு எவ்வளவு எடை மாறும் என்பதைக் காரின் எடை, ஈர்ப்பு மையத்தின் உயரம், இடதுக்கும் வலதுக்கும் உள்ள அகலம், வளைவின் வேகம் ஆகியவையே தீர்மானிக்கின்றன. ஓட்டுநரோடு சேர்த்து 1,050 கிலோ எடையுள்ள என் காரில், ஈர்ப்பு மையம் தரையிலிருந்து சுமார் 53 சென்டிமீட்டர் உயரத்தில் இருப்பதாகக் கொண்டால், புவியீர்ப்பில் 0.8 மடங்கு பக்க விசை வரும்போது ஏறக்குறைய 305 கிலோ இடம் மாறுகிறது. இந்தக் கணக்கில் ஸ்பிரிங்குக்கு எங்குமே இடமில்லை. அந்த 305 கிலோவில் முன் அச்சு எவ்வளவு சுமக்கும், பின் அச்சு எவ்வளவு சுமக்கும் என்ற பங்கீட்டில்தான் ஸ்பிரிங் தலையிடுகிறது. எந்தப் பக்கம் விறைப்பு அதிகமோ அந்தப் பக்கம் பெரிய பங்கைத் தன் தலையில் ஏற்றிக்கொள்கிறது.

பங்கு ஏன் முக்கியம் என்றால், டயரின் மேல் எடை இரட்டித்தால் அதன் பிடி இரட்டிப்பதில்லை. தலைக்கு 320 கிலோ சுமக்கும் இரண்டு முன் டயர்களின் மொத்தப் பிடியைவிட, ஒன்று 510 கிலோவும் மற்றது 130 கிலோவும் சுமக்கும்போது கிடைக்கும் பிடி குறைவு. ஆகவே, பின்பக்கத்தைவிட முன்பக்கத்தை அதிகம் விறைப்பாக்கிய நான், ஏற்கெனவே தவித்துக்கொண்டிருந்த முன் டயர்களிடமிருந்து இன்னும் கொஞ்சம் பிடியைப் பறித்திருக்கிறேன்.

இதோடு இன்னொரு பிழையும் சேர்ந்திருந்தது. முன் ஷாக் அப்சார்பரின் தண்டில் ஒரு சிறிய பிளாஸ்டிக் கேபிள் டையை இறுக்கிக் கட்டி, அதை அடிவரை தள்ளிவிட்டு, ஐந்து சுற்றுகள் ஓட்டிவிட்டுத் தூசி உறையை விலக்கிப் பார்த்தேன். கேபிள் டை, ஸ்பிரிங் அளவுக்கு மீறி அமுங்காமல் தடுக்கும் பம்ப் ஸ்டாப் ரப்பரின் மீது போய் அழுந்திக் கிடந்தது, ரப்பரின் நுனியிலும் பளபளப்பாக ஒரு வளையத் தேய்மானம் தெரிந்தது. காரைத் தாழ்த்தியதால் ஸ்பிரிங் அமுங்குவதற்கு இடமில்லாமல் போய், வளைவின் நடுவில் ரப்பரே ஸ்பிரிங்காக வேலை செய்திருக்கிறது. ரப்பர் அமுங்க அமுங்க விறைப்பு பல மடங்காக ஏறும்; அந்த நொடியில் முன் டயர் கைவிட்டுவிடும். காரைத் தாழ்த்துவதை அழகுக்காகச் செய்பவர்களிடமும் இந்தச் சோதனையை ஒருமுறை செய்து பாருங்கள் என்றே சொல்வேன்.

முன்பக்கத்துக்குப் பழைய ஸ்பிரிங்குகளே திரும்பின. அடுத்து லாரிகளுக்கான எடை மேடையில் முன் அச்சையும் பின் அச்சையும் தனித்தனியாக நிறுத்தினேன்: முன்னால் 640 கிலோ, பின்னால் 410 கிலோ. பின் அச்சின் பங்கைக் கூட்ட, சக்கரத்தில் அளந்தால் ஒரு மில்லிமீட்டர் அமுங்க 18 நியூட்டன் விசை கேட்ட பழைய பின் ஸ்பிரிங்கை 24 கேட்பதாக மாற்றுவது என்று முடிவு செய்தேன். ஸ்பிரிங்கின் விறைப்பு கம்பி விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறுவதால், 11 மில்லிமீட்டர் கம்பிக்குப் பதிலாக 11.8 மில்லிமீட்டர் கம்பியில் சுற்றினாலே இது ஏறத்தாழக் கிடைத்துவிடும். கண்ணால் பார்த்து இரண்டையும் பிரித்தறிவது கடினம், ஓட்டும்போதோ இரண்டு வேறு கார்கள் போலிருக்கும். அதே எடைக்கு விறைப்பான ஸ்பிரிங் குறைவாக அமுங்குவதால், பழைய உயரத்திலேயே சுற்றினால் காரின் பின்பக்கம் 24 மில்லிமீட்டர் தூக்கி நிற்கும். அதற்கேற்ப ஸ்பிரிங்கின் உயரத்தைக் குறைத்துச் சுற்றச் சொல்ல வேண்டும். இருக்கும் ஸ்பிரிங்கையே ஒரு சுற்று வெட்டிவிட்டால் விறைப்பு கூடும்தானே என்று கேட்பவர்கள் உண்டு. கூடும்; ஆனால் வெட்டிய முனை ஸ்பிரிங் அமரும் தட்டில் சரியாக உட்காராமல், சக்கரம் தொங்கும்போது ஸ்பிரிங் இடம்விட்டு நழுவும் ஆபத்து இருப்பதால் நான் அதற்கு ஒருபோதும் உடன்பட மாட்டேன்.

பின்பக்கம் இரு சக்கரங்களையும் ஒரே முறுக்கு அச்சு இணைக்கும் கார்களில் இந்த மாற்றம் எளிது. ஜாக்கியில் தூக்கி, ஷாக் அப்சார்பரின் கீழ் போல்ட்டைக் கழற்றி, அச்சை மெல்ல இறக்கினால் ஸ்பிரிங் கையோடு வந்துவிடும். விறைப்பு மூன்றில் ஒரு பங்கு ஏறியதால், ஸ்பிரிங்கைத் துள்ளி எழாமல் அடக்கும் ஷாக் அப்சார்பரின் பலமும் சுமார் 15 சதவீதம் ஏற வேண்டும். இதைச் செய்யாமல் விட்டால் கார் மேட்டில் ஏறி இறங்கியதும் பின்பக்கம் குதித்துக்கொண்டே இருக்கும்.

மறுபடி தடத்தில் இறங்கியபோது, டயரின் ஓரத்தில் சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டேன். முன்பெல்லாம் முன் டயரின் கோடு பக்கச்சுவர் வரை அழிந்து வரும். இப்போது விளிம்போடு நின்றது. ஸ்டீயரிங்கை முன்னைவிடக் குறைவாகத் திருப்பியே வளைவின் உள்விளிம்பைத் தொட முடிந்தது. பிரேக்கை மெதுவாக விட்டபடி வளைவுக்குள் நுழையும்போது உட்பக்கப் பின்சக்கரம் தரையை விட்டு ஓர் அங்குலம் எழுவதை வெளியே நின்ற நண்பர் படம் பிடித்துக் காட்டினார். முன்சக்கர இழுவைக் காரில் இது கோளாறு அல்ல, பின் அச்சு தன்னால் முடிந்த பங்கு முழுவதையும் எடுத்துக்கொண்டது என்பதற்கான அடையாளம். எழுந்த சக்கரத்திலிருந்து மாற்ற இனி எடையே இல்லை என்பதால், இதற்கு மேல் பின் ஸ்பிரிங்கை விறைப்பாக்கினாலும் அந்த இடத்தில் முன் டயருக்கு உதவி கிடைக்காது.

மழை பெய்த தடத்தில் இதே அமைப்பு பின்பக்கத்தை வழுக்கிச் சுழலவிடும். அதனால் பழைய பின் ஸ்பிரிங்குகளைத் துணியில் சுற்றி, போல்ட் கழற்றும் ஸ்பேனரோடு டிக்கியில் வைத்திருக்கிறேன். மேகம் கூடினால் அரை மணி நேரத்தில் மாற்றிவிடலாம்.