கதவுக்கு அடியில ஒரு லெட்டர்

நான் ஜெர்மனில படிக்கறேன். போன வாரம் கிளாஸ் முடிஞ்சு ரூமுக்கு வந்தா கதவுக்கு அடியில ஒரு லெட்டர். ஹாஸ்டல் ஆபீஸ்ல இருந்து. ஜெர்மன்ல ரெண்டு பக்கம், நடுவுல கலர் போட்டோ வேற, என்னடா போட்டோன்னு பாத்தா ஒரு செவுத்து மூலை, அதுல கருப்பு கருப்பா பூஞ்சை பூத்துக் கெடக்குது. விஷயம் இவ்ளோதான்: தினமும் ஜன்னலை முழுசா தொறந்து 5ல இருந்து 10 நிமிஷம் காத்து விடணும், குளிர்காலமா இருந்தாலும் விடணும், காலைல எழுந்ததும், ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடியும், சமைச்ச உடனே, குளிச்ச உடனே. அதைச் செய்யாம செவுரு பாழாப் போனா பெயிண்ட் அடிக்கிற காசை டெபாசிட்ல கழிச்சுக்குவோம்னு கடைசி வரி. அந்த வரியப் படிச்சதும் சிரிப்பு வந்துடுச்சு. இதே வரிய எங்கம்மா வாயால கேட்டு வளந்தவ நான்.

எங்க வீடு காட்பாடில, விஐடிக்குக் கொஞ்சம் தள்ளி. மேல் போர்ஷன் எப்பவும் ஸ்டூடண்ட்ஸுக்குத்தான் வாடகை. ஹாஸ்டல் பிடிக்காம வெளிய வர்ற பசங்க, ஜார்கண்ட், ஆந்திரா, பெங்கால்னு எல்லா ஊர்லருந்தும் வருவானுங்க. அம்மாவோட சட்டம் எல்லாம் தெருவுக்கே தெரியும். கேட்டு பத்து மணிக்குப் பூட்டிடுவாங்க. மோட்டார் ஒரு நாளைக்கு ஒரு தரம்தான். மேல நான்வெஜ் சமைக்கக் கூடாது (கீழ நாங்க ஞாயித்துக்கிழமையானா பிரியாணி போடுவோம், கேட்டா "அவனுங்க கழுவ மாட்டானுங்கடி, நாறும்"பாங்க). இதையெல்லாம் அம்மா சொல்லச் சொல்ல இங்கிலீஷ்ல மாத்தி சார்ட் பேப்பர்ல ஸ்கெட்ச் பேனாவால எழுதி மாடிப்படில ஒட்டுறது என் வேலை. ஏழாவது படிக்கும்போதுலருந்து நாந்தான் எங்க வீட்டு நோட்டீஸ் டிபார்ட்மெண்ட். இப்போ எனக்கு யாரோ நோட்டீஸ் எழுதுறாங்க.

இன்னொன்னும் சொல்லணும். ஜெர்மனிக்குப் படிக்க வரணும்னா பிளாக்ட் அக்கவுண்ட்ல 11,904 யூரோ போட்டு வெக்கணும், மாசத்துக்கு 992ன்னு நம்ம காசை நமக்கே அளந்து விடுவாங்க. அந்தப் பணத்துக்குத்தான் எஜுகேஷன் லோன். அந்த லோனுக்கு வட்டி கட்டுறது மேல் போர்ஷன் வாடகை. அங்க அந்தப் பசங்க மோட்டார் தண்ணிக்கு அம்மா கிட்ட திட்டு வாங்கற காசுலதான் இங்க நான் ஜன்னல் தொறக்கலன்னு திட்டு வாங்கறேன்.

நான் இருக்கறது சாக்சனில ஒரு ஊரு, பேரு வேணாம். கிழக்கு ஜெர்மனி தனி நாடா இருந்த காலத்துல ஃபேக்டரில வார்த்த காங்கிரீட் பலகைய அடுக்கிக் கட்டின பில்டிங். எங்க ஃப்ளாட்ல நாலு ரூமு, ஒரு கிச்சன். வந்த அன்னிக்கு கேர்டேக்கர் ஒருத்தரு ஒரு பாரத்தை எடுத்துக்கினு என் கூடவே ரூமுக்குள்ள வந்தாரு. கட்டில், மேஜை, அலமாரின்னு ஒவ்வொன்னையும் தொட்டுத் தொட்டுப் பாத்து, மேஜைல ஒரு கீறல் இருந்தா "கீறல், இடது பக்கம்"னு எழுதினாரு, தரைல சிகரெட் சுட்ட ஓட்டை, அதையும் எழுதினாரு, பல்பு எரியுதான்னு போட்டுக் காட்டினாரு, மீட்டரப் பாத்தாரு, அப்புறம் ரெண்டு பேரும் கையெழுத்து. ஹவுஸ் ஓனர் பொண்ணு நான், அந்தப் பாரத்தைப் பாத்து அசந்துட்டேன். எங்கம்மா இத்தனை வருஷமா இந்தக் கீறல் நீ போட்டதா உனக்கு முன்னாடி இருந்தவன் போட்டதான்னு வாயாலயே சண்டை போட்டுக்கினு இருக்காங்களே.

சரி, ஜன்னலுக்கு வரேன். இந்த ஊரு ஜன்னல் கைப்பிடிய கீழ வெச்சா மூடும், பக்கவாட்டுல திருப்பினா கதவு மாதிரி உள்பக்கம் தொறக்கும், மேல திருப்பினா தலைப்பக்கம் மட்டும் நம்ம மேல சாயும். முதல் நாள் தெரியாம மேல திருப்பிட்டு ஜன்னலே பேத்துக்கினு வருதுன்னு ரெண்டு கையாலயும் தாங்கிப் பிடிச்சுக்கினு நின்னேன், பக்கத்து ரூம் ஜெர்மன் பொண்ணு வந்து பாத்துட்டு ரொம்ப மரியாதையா சிரிக்காம இருந்தா.

நம்ம ஊர்ல ஜன்னலு மூடி வெக்கத்தான் இருக்குது, உண்மையத்தான் சொல்றேன். மே 4 அக்னி நட்சத்திரம் ஆரம்பிச்சா காலைல பத்து மணிக்கெல்லாம் அம்மா எல்லா ஜன்னலையும் சாத்தி ஸ்கிரீன் இழுத்து விட்டுடுவாங்க, தொறந்தா அனல்தான் வரும், சுத்தி மரம் இல்லாத பாறை மலை, வெயிலக் குடிச்சுட்டு ராத்திரி பூரா கக்கும். 42 டிகிரி எல்லாம் எங்களுக்கு நியூஸே இல்ல. சாயந்திரம் தொறப்பாங்க, ஆறு மணியானா கொசு வருதுன்னு திரும்ப சாத்திடுவாங்க. ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் தொறந்து இருந்தா பெருசு. அப்படி வளந்தவள புடிச்சு ஜனவரில, வெளிய மைனஸ் 8ல, ஜன்னல விரியத் தொறந்துட்டு நில்லுன்னா?

காரணம் எனக்கும் தெரியும். இங்க ஜன்னல் ரெண்டு அடுக்குக் கண்ணாடி, ஓரம் பூரா ரப்பர், உள்ள இருக்கற காத்து அப்படியே உள்ளயே நிக்கும். நாம விடுற மூச்சு, குக்கர் ஆவி, குளிச்ச ஈரம், ரூமுக்குள்ளயே காயப்போட்ட துணி, எல்லா ஈரமும் எங்க செவுரு ஜில்லுன்னு இருக்கோ அங்க போய் தண்ணியா படியும், அங்கதான் பூஞ்சை புடிக்கும். லேசா சாச்சு வெச்சாலும் பிரயோஜனம் இல்லயாம், செவுரு குளுந்து போவும், ஹீட்டர் காசுதான் தண்டம். கொஞ்ச நேரம் முழுசா தொறந்து காத்தை மாத்திட்டு மூடிட்டா செவுத்துல இருக்கற சூடு போவாது. பிசிக்ஸ் கரெக்ட்டுதான். நான் மெக்கானிக்கல் படிச்சவ, ஹீட் டிரான்ஸ்ஃபர்ல எழுதி மார்க் வாங்கி இருக்கேன். ஆனா ரசம் நுரை கட்டி வர்ற நேரத்துல அந்தப் பக்கத்து ரூம் பொண்ணு கிச்சனுக்குள்ள வந்து ஒரு வார்த்தை பேசாம ஜன்னலத் தொறந்து விட்டுட்டு, ஜாக்கெட்ட மாட்டிக்கினு அங்கயே உக்காந்து ரொட்டி சாப்புடுவா பாருங்க, அப்போ பிசிக்ஸ் ஒன்னும் ஞாபகம் வராது. தட்டுல போட்ட சோறு வாய்க்கு வர்றதுக்குள்ள ஆறிடும். அவளுக்கு என் மேல ஒன்னும் கோவம் இல்ல, அது வேற கஷ்டம், சண்டை போடறதுக்குக் கூட ஒரு சாக்கு கெடைக்காது. மூணாவது ரூம் சிரியா பையன் மட்டும் என் கட்சி. அவ வெளிய போனதும் எழுந்து மூடுவான், நாங்க ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்குவோம்.

சரி காலேஜுக்காவது போலாம்னா அங்கயும் இதே கூத்து. லெக்சர் நடுவுல பிரேக் விட்டா முதல் வேலையா யாராவது எழுந்து ஹால் ஜன்னல் எல்லாத்தையும் தொறப்பாங்க, ஒரு தடவை புரொபசரே தொறந்தாரு. நம்ம ஊர்ல ஹெச்ஓடி ஜன்னல் தொறந்து பாத்திருக்கோமா.

படிப்ப பத்தி நெறைய பேரு நெறைய சொல்லிட்டாங்க, எனக்குப் பட்டதை மட்டும் சொல்றேன். டைம்டேபிள்ல பத்துன்னு போட்டு பக்கத்துல சி.டி.ன்னு ரெண்டு எழுத்து இருந்தா கிளாஸ் பத்தேகாலுக்குத்தான் ஆரம்பம், அந்தக் கால் மணி நேரம் பழைய சம்பிரதாயம். முடிஞ்சதும் கை தட்ட மாட்டாங்க, எல்லாரும் மேஜைய விரல் முட்டியால தட்டுவாங்க. லெக்சருக்கு அட்டெண்டன்ஸ் கெடையாது. 75 பர்சண்டு, அது கொறஞ்சா கட்டற கண்டோனேஷன் ஃபீஸ், ரெகார்டு நோட்டுல கையெழுத்து வாங்க ஸ்டாஃப் ரூம் வாசல்ல கால் கடுக்க நிக்கறது, துப்பட்டாவுக்கு ரெண்டு பக்கமும் பின் குத்தி இருக்கான்னு கேட்டுல நின்னு பாக்கற மேடம், ஒன்னும் இல்ல. முதல்ல பெரிய விடுதலையா இருந்துச்சு. அப்புறம்தான் தெரிஞ்சுது, நீ வந்தியா வரலியான்னு கேக்க ஒரு ஆளும் இல்லன்னா நீ செத்தாலும் கேக்க ஆள் இல்ல. இன்டர்னல் மார்க்கும் இல்ல, பாதிக்கு மேல பாடத்துல செமஸ்டர் கடைசில எழுதற ஒரே பரிட்சைதான் எல்லாம், அந்தப் பரிட்சைக்கும் நாமளே தேதிக்குள்ள ஆன்லைன்ல பேரு பதியணும். எங்க கிளாஸ் ஹைதராபாத் பையன் ஒருத்தன் விழுந்து விழுந்து படிச்சான், பேரு பதிய மறந்துட்டான், உள்ளயே விடல.

மார்க்கும் தலைகீழ். 1.0தான் பெஸ்ட்டு, 4.0 பாஸ், 5.0 ஃபெயில். முதல் ரிசல்ட்டு வந்து 1.7ன்னு அம்மா கிட்ட சொன்னேன். போன்ல கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. "எவ்ளோக்குடி?" "அஞ்சுக்குன்னு வெச்சுக்கோயேன்மா." "பரவால்ல வுடு, அடுத்த வாட்டி பாத்துக்கலாம், அப்பா கிட்ட நான் பக்குவமா சொல்லிக்கறேன்." விளக்கிச் சொன்னதுக்கு அப்புறமும் நான் சமாளிக்கறேன்னுதான் நெனச்சாங்க.

சாப்பாடு சொல்லாம விட்டா எப்படி. நம்ம இலவம்பாடி முள் கத்திரிக்காய்க்கு 2023ல புவிசார் குறியீடு கெடைச்சுது, காம்புல கை வெச்சா குத்தும், தொக்கு வெச்சா வெண்ணெய் மாதிரி கரையும். இங்க சூப்பர் மார்க்கெட்ல ஒரே ஒரு கத்திரிக்காய் அரை கிலோ இருக்குது, கறுத்து, பளபளன்னு, உள்ள பஞ்சு. அதுல எண்ணெய் ஊத்தினா குடிச்சுக்கினே இருக்கும். ஆம்பூர் பிரியாணிக்குத் தொட்டுக்க அது செட்டாவாது, ஜன்னல் தொறந்து இருந்தாலும் சரி மூடி இருந்தாலும் சரி.

டிவி, ரேடியோ வரின்னு ஒன்னு, மாசம் 18.36 யூரோ, வீட்டுக்கு ஒன்னு. டிவி இருக்கோ இல்லியோ கட்டணும். நாலு ரூம் சேந்து பங்கு போட்டுக் கட்டறோம். அம்மா கேட்டுட்டு, "அட, இது நமக்குத் தோணாம போச்சே"ன்னாங்க.

இப்போ பழகிடுச்சு. நெஜமாவே. காலைல அலாரம் அடிச்சதும் நானே எழுந்து கைப்பிடியப் பக்கவாட்டுல திருப்பி விரியத் தொறந்துடறேன், அந்தக் குளுரு மூஞ்சில அடிச்சா ஒரு மாதிரி நல்லாத்தான் இருக்குது, பல்லு வெளக்கற வரைக்கும் தொறந்தே இருக்கும். ஆனா தொறந்தா வெளிய ஒன்னுமே கேக்காது பாருங்க. அதான். மார்கழில எங்க வீட்டு பால்கனி கதவத் தொறந்தா மைக் செட்டுல பாட்டு, காட்பாடி ஜங்ஷன்ல ஷண்டிங் ஆவற சத்தம், பால்காரர் பெல்லு, மேல் போர்ஷன்ல எவனோ அலாரத்தை அணைக்காம தூங்குவான், அம்மா கீழருந்து கத்துவாங்க. வெயில் காலத்துல கரண்டு போச்சுன்னா ஓனரும் இல்ல, வாடகையும் இல்ல, எல்லாரும் மொட்டை மாடில பாயப் போட்டுக்கினு படுத்துக் கெடப்போம். ஜார்கண்ட் பையன் ஒருத்தன், அவங்க ஊர்ல சட் பண்டிகை அன்னிக்கு அம்மா கிட்ட போன்ல பேசிட்டு வாட்டர் டேங்க் பின்னாடி போயி அழுதுக்கினு இருந்தான். எங்கம்மா பாத்துட்டு ஒன்னும் கேக்கல, ஒரு தட்டுல சோறும் கொழம்பும் போட்டு என் கையில குடுத்தனுப்பினாங்க. அன்னிக்கு மட்டும் கேட்டு பத்தரை வரைக்கும் தொறந்து இருந்துச்சு. அவன் இப்போ எந்த ஊர்ல இருக்கானோ.

அந்தக் கேர்டேக்கர் பாரத்தைப் பத்தி அம்மா கிட்ட சொல்லி இருந்தேனா, அவங்களுக்கு அது ரொம்பப் புடிச்சுப் போச்சு. "அத மாதிரி நமக்கும் ஒன்னு எழுதி அனுப்புடி, இனிமே ஒருத்தனும் ஏமாத்த முடியாது"ன்னாங்க. நானும் உக்காந்து இங்கிலீஷ்ல அழகா டைப் பண்ணி, ரூம் வாரியா கட்டம் போட்டு, போட்டோ ஒட்ட இடம் விட்டு அனுப்பினேன். ஜனவரில மேல புதுசா மூணு பசங்க வந்தானுங்க. கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிற பசங்க, பாரத்தை எடுத்துக்கினு போயி நாலு பக்கம் ரொப்பிட்டானுங்க. பாத்ரூம் குழாய் ஒழுகுது, ஃபேன் ரெகுலேட்டர் அஞ்சுல மட்டும்தான் ஓடுது, சம்ப் மூடி ஒடஞ்சிருக்கு, ஒவ்வொன்னுக்கும் போட்டோ. கீழ அம்மா கையெழுத்தும் போட்டுட்டாங்க.

இங்க விடியறதுக்கு முன்னாடி போனு. "இன்னாடி பாரம் எழுதிக் குடுத்த நீ? எல்லாம் என் தலைல வந்து விடிஞ்சுது. ஆன்ட்டி, பெட்ரூம் ஜன்னல் கொக்கி இல்ல, கொசு வலை அடிச்சுக் குடுங்கன்றானுங்க. நீ யாரு பக்கம்டி?"

நான் வாடகைக்கு இருக்கறவ. "அடிச்சுக் குடுத்துடும்மா, பாவம்"னேன். கட் பண்ணிட்டாங்க. சாயந்திரம் அப்பா ஒன்னும் சொல்லாம கார்பெண்டர் பில்லு மட்டும் வாட்ஸப்ல அனுப்பி இருந்தாரு, 3,200 ரூபா.