சிவப்பு மையில் எழுதிய பெயர்கள்

‘தி வயர்’ தொடரை நான் முதன்முதலில் பார்த்தது 2010-இல், நண்பர் ஒருவர் கொடுத்த ஹார்ட் டிஸ்கில், சப்டைட்டில் ஏதுமின்றி. அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்து மேற்குப் பகுதித் தெருமுனைகளில் பேசப்படும் ஆங்கிலத்தில் பாதிகூட எனக்குப் பிடிபடவில்லை; பிடிபடாததை முகங்களைப் பார்த்து ஊகித்துக்கொண்டேன், ஊகிக்கவும் முடியாத இடங்களை ஓட்டிவிட்டேன். அப்படியும் 60 எபிசோடுகளை மூன்றே வாரங்களில் முடித்துவிட்டு, கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் இதைவிடச் சிறந்த தொலைக்காட்சித் தொடர் உலகில் இல்லை என்று சொல்லித் திரிந்தேன். 2024-இல் அதே தொடரை, இம்முறை சப்டைட்டிலோடு, வாரத்துக்கு இரண்டு எபிசோடு என்ற நிதானத்தில் மறுபடி பார்த்தபோது, அன்று நான் சிபாரிசு செய்துகொண்டிருந்தது எந்தத் தொடரை என்ற சந்தேகமே வந்துவிட்டது.

பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2002 ஜூன் முதல் 2008 மார்ச் வரை எச்.பி.ஓ. அலைவரிசையில் ஐந்து சீசன்களாக வந்த தொடர் இது. உருவாக்கியவர் டேவிட் சைமன், ‘பால்டிமோர் சன்’ நாளிதழில் குற்றச் செய்தியாளராக இருந்தவர். அவரோடு எழுதிய எட் பர்ன்ஸ், அதே நகரின் காவல்துறையில் கொலை வழக்குகளைப் புலனாய்வு செய்துவிட்டு, பின்னர் பள்ளி ஆசிரியராகப் போனவர். போதைப்பொருள் விற்பவர்களையும் அவர்களைத் துரத்தும் போலீஸையும் பற்றியதாகத் தொடங்கும் கதை, ஒவ்வொரு சீசனிலும் நகரின் இன்னொரு பக்கத்தைத் திறந்துகொண்டே போகிறது: துறைமுகம், நகர மன்றம், பள்ளிக்கூடம், கடைசியில் பத்திரிகை அலுவலகம். ஒளிபரப்பான காலத்தில் பார்த்தவர்கள் குறைவு. எம்மி விருது ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

முதல் தடவை என்னைக் கட்டிப்போட்டது தலைப்பில் இருக்கும் அந்த ஒயர்தான், அதாவது தொலைபேசி ஒட்டுக்கேட்பு. முதல் சீசனில் விற்பவர்கள் கைபேசி வைத்துக்கொள்வதில்லை. பேஜரில் எண் வரும், தெருவோரப் பொதுத் தொலைபேசிக்குப் போய்த் திருப்பி அழைப்பார்கள். பேஜரில் வரும் எண்ணும் நேரான எண் அல்ல. விசைப்பலகையின் நடுவிலிருக்கும் ஐந்தைத் தாண்டி எதிர்ப்பக்கம் குதித்தால் ஒன்று ஒன்பதாகும், இரண்டு எட்டாகும், ஐந்தும் பூஜ்யமும் இடம் மாறிக்கொள்ளும். அதைக் கண்டுபிடிக்கும் காட்சியை அன்று திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். இம்முறை சில எபிசோடுகளை என்னோடு உட்கார்ந்து பார்த்த அண்ணன் மகள், பேஜர் என்றால் என்ன சித்தப்பா என்று கேட்டாள். விளக்கிச் சொன்னேன், பதிலே அனுப்ப முடியாத ஒரு கருவியை எதற்குக் காசு கொடுத்து வாங்கினார்கள் என்பது அவளுக்குக் கடைசிவரை விளங்கவில்லை. ஆனால் அந்தப் பழைய கருவிகளால் தொடர் கொஞ்சமும் நொண்டவில்லை என்பதைச் சொல்ல வேண்டும். ஒட்டுக்கேட்கும் தந்திரத்தைவிட அதற்கான அனுமதியைப் பெறும் பாடுதான் காட்சிகளை நகர்த்துகிறது: வேறு வழியெல்லாம் முயன்றாயிற்று என்று நீதிபதிக்குக் காட்ட வேண்டும், ஒலிப்பதிவை ஓடவிடுமுன் எதிரே கூரைமேல் கிடக்கும் ஒரு காவலர், பேசுவது அந்தக் கூட்டத்து ஆள்தான் என்று கண்ணால் கண்டு சொல்ல வேண்டும், பேச்சு வழக்குக்குத் தொடர்பில்லாமல் வீட்டு விஷயத்துக்குப் போனால் கேட்பதை நிறுத்த வேண்டும். சட்டத்துக்குக் கட்டுப்பட்டு ஒட்டுக்கேட்பது எத்தனை சலிப்பூட்டும் வேலை என்பதைச் சலிப்பில்லாமல் காட்டிய வேறொரு தொடரை நான் பார்த்ததில்லை.

இரண்டாம் முறை என் கண் போன இடம் வேறு. கொலைப் பிரிவு அலுவலகத்தில் ஒரு வெள்ளைப் பலகை இருக்கிறது. ஒவ்வொரு புலனாய்வாளர் பெயருக்கும் கீழே அவர் வசமுள்ள கொலைகளில் இறந்தவர்களின் பெயர்கள்; துலங்காதவை சிவப்பு மையில், துலங்கியவை கறுப்பில். முதல் தடவை அதை அலுவலகத்தின் பின்னணிச் சாமான் என்றே எடுத்துக்கொண்டேன். இப்போது பார்த்தால், தொடரில் நடக்கும் பெரும்பாலான கொடுமைகளும் சில நல்ல காரியங்களும் அந்தப் பலகையில் சிவப்பு கூடாமல் பார்த்துக்கொள்வதற்காகவே நடக்கின்றன.

இரண்டாம் சீசனைத்தான் இதற்குச் சொல்ல வேண்டும். பழகிய தெருவை விட்டுவிட்டுக் கதை திடீரென்று துறைமுகத்துக்குப் போய்விட்டதே என்ற எரிச்சலில், 2010-இல் அதில் பாதியை ஓட்டியே பார்த்தேன் என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன். துறைமுகத்தில் இறக்கி வைத்த ஒரு கன்டெய்னரைத் திறந்தால் உள்ளே பதின்மூன்று பெண்களின் சடலங்கள். கடத்தி வரப்பட்டவர்கள், மூச்சு முட்டி இறந்தவர்கள். அதற்கு முன்பே இன்னொரு பெண்ணின் உடல் தண்ணீரில் மிதந்து வந்திருக்கிறது. கொலைப் பிரிவின் மேலதிகாரி ரால்ஸைப் பகைத்துக்கொண்டதற்குத் தண்டனையாகப் படகுப் பிரிவுக்குத் தூக்கியடிக்கப்பட்ட புலனாய்வாளன் மெக்நல்டி, நீரோட்டக் கணக்கைப் போட்டு, மிதந்து வந்தவள் இறந்தது பால்டிமோர் எல்லைக்குள்தான் என்று நிறுவுகிறான். கன்டெய்னரின் காற்றுக்குழாய் வேண்டுமென்றே நசுக்கப்பட்டது என்றும் நிறுவி, விபத்தாக முடிந்திருக்க வேண்டியதைக் கொலையாக்குகிறான். துப்புத் துலங்க வழியே இல்லாத பதினான்கு கொலைகள் ரால்ஸின் தலையில் விழுகின்றன.

அன்று நான் கைகொட்டிச் சிரித்தேன். பகையைத் தீர்த்துக்கொண்ட சாமர்த்தியம் அவ்வளவு கச்சிதம். இம்முறை சிரிப்பு வரவில்லை. பதினான்கு சடலங்களும் இரண்டு ஆண்களின் அலுவலகப் பகையில் எறியப்படும் கற்கள். எந்த அலுவலகமும் அவற்றைத் தன் கணக்கில் ஏற்றிக்கொள்ள விரும்பவில்லை. எழுதியவர்களுக்கு இது தெரிந்திருக்கிறது என்பதுதான் முக்கியம். சாமர்த்தியம் முடிந்த பிறகு மெக்நல்டிக்கு உறுத்தத் தொடங்குகிறது. மிதந்து வந்த பெண்ணின் பெயரையாவது தெரிந்துகொண்டு ஊருக்குச் சொல்லி அனுப்பலாம் என்று அலைகிறான், பெயர் கிடைக்கவில்லை. 2010-இல் நான் ஓட்டிய காட்சிகள் பெரும்பாலும் இவைதான். அந்தக் கன்டெய்னரைத் திறந்து பார்த்த துறைமுகக் காவலர் பீடி ரஸ்ஸல் அன்று எனக்கு நினைவில்கூட நிற்கவில்லை. இரண்டு குழந்தைகளைத் தனியே வளர்ப்பவள். சுங்கச் சாவடியில் காசு வாங்கிக்கொண்டிருந்துவிட்டு, சம்பளம் கூடுதல் என்பதால் இந்த வேலைக்கு வந்தவள். புலனாய்வு என்றால் என்னவென்றே தெரியாத அவள் ஒவ்வொன்றாகக் கற்றுக்கொள்ளும் அழகைப் பார்க்கவே அந்த சீசனை இன்னொரு முறை பார்க்கலாம்.

அதே சீசனில் ஃபிராங்க் சபாட்கா என்ற தொழிற்சங்கத் தலைவர் வருகிறார். கப்பல்கள் வருவது குறைந்துபோய், சங்கத்து ஆட்களுக்கு வாரத்தில் ஒரு நாள் வேலை கிடைப்பதே கஷ்டம். கால்வாயைத் தூர்வார வேண்டும், மூடிக் கிடக்கும் தானியத் துறையைத் திறக்க வேண்டும் என்று அரசியல்வாதிகளுக்குப் பணம் கொடுக்கிறார். அந்தப் பணத்துக்காகக் கடத்தல்காரர்களின் கன்டெய்னர்கள் கணக்கிலிருந்து காணாமல் போகக் கண்ணை மூடிக்கொள்கிறார். அவர் கேட்ட தானியத் துறையில் கடைசியில் பணக்காரர்களுக்கான அடுக்குமாடி வீடுகள் எழப்போவதாகத் தொடர் முடிக்கிறது. உண்மையான பால்டிமோரிலும் லோகஸ்ட் பாயின்ட் பகுதியின் பழைய தானியக் கிடங்கு இப்போது ஆடம்பரக் குடியிருப்புதான். சபாட்கா தன்னைக் கொல்லப்போகிறவர்களைச் சந்திக்கத் தனியாக நடந்து போகும் கடைசிக் காட்சி, ஃபிரான்சிஸ் ஸ்காட் கீ பாலத்தின் அடியில் நடக்கிறது. நான் அதைப் பார்த்த சமயத்தில் அந்தப் பாலமே இல்லை. 2024 மார்ச் 26 அதிகாலையில் ஒரு சரக்குக் கப்பல் மோதியதில் சரிந்து, மேலே பள்ளங்களை அடைத்துக்கொண்டிருந்த ஆறு தொழிலாளர்கள் இறந்துபோயிருந்தார்கள். காட்சியில் பாலம் வெறும் பின்னணிதான். ஆனால் அதை நிறுத்தி வைத்துவிட்டு நான் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

பலகை விஷயத்துக்குத் திரும்புகிறேன். இடைப்பட்ட ஆண்டுகளில் நான் ஒரு வங்கிக் கிளையில் வேலை பார்த்தேன். ஒரு மார்ச் மாதக் கடைசியில், பணமே இல்லாத கணக்குகளின் எண்ணிக்கை கிளையில் அதிகம் என்று மேலிடத்திலிருந்து சத்தம் வந்தது. நாங்கள் என்ன செய்தோம் என்றால், எங்கள் பையிலிருந்தே காசெடுத்து, கணக்குக்கு ஒரு ரூபாய் வீதம் போட்டோம். அறிக்கையில் ஒரே இரவில் எல்லாம் சரியானது. பாராட்டுக் கடிதம்கூட வந்தது. அந்த ஒரு ரூபாயைக் கண்ட பிறகு ‘தி வயர்’ பார்ப்பவன், தொடரில் காவல் உயரதிகாரிகள் வாரந்தோறும் கூடும் புள்ளிவிவரக் கூட்டங்களை ஓட்ட மாட்டான். கூட்டத்தில் நிற்க வைத்துக் கேட்பார்கள்: குற்றம் குறைந்ததா? குறையவில்லையென்றால் வழிப்பறியைச் சாதாரணத் திருட்டு என்று எழுது, அடிதடியைத் தகராறு என்று எழுது. மூன்றாம் சீசனில் கோல்வின் என்ற மேஜர், ஓய்வு பெறச் சில மாதங்களே இருக்கும் நிலையில் இந்த விளையாட்டுக்கு ஒத்துக்கொள்ளாமல், ஆளில்லாத சில தெருக்களைப் பொறுக்கியெடுத்து, அங்கே மட்டும் விற்றால் கைது இல்லை என்று யாரிடமும் கேட்காமல் தானே அறிவித்துவிடுகிறார். மற்ற தெருக்களில் குற்றம் நிஜமாகவே குறைகிறது. எண்ணைப் பொய்யாகக் குறைத்த எல்லோரும் பதவி உயர்வு பெற, நிஜமாகக் குறைத்தவர் பதவி இறக்கப்பட்டு, குறைந்த ஓய்வூதியத்தோடு வீட்டுக்கு அனுப்பப்படுகிறார். விற்க விட்ட அந்தத் தெருக்கள் நரகமாகிப் போனதையும் தொடர் ஒளிக்கவில்லை. அதனால்தான் கோல்வினை நம்ப முடிகிறது.

நான்காம் சீசனில் பிரெஸ் என்பவன் போலீஸ் வேலையை விட்டுக் கணக்கு ஆசிரியனாகிறான். மாணவர்களின் தேர்வு மதிப்பெண்ணை உயர்த்திக் காட்டச் சொல்லும் ஆசிரியர் கூட்டத்தில் உட்கார்ந்ததும், இதே கூட்டத்தில் நான் முன்பே இருந்திருக்கிறேனே என்று அவனுக்குத் தோன்றிவிடுகிறது. அதே சீசனில், பாழடைந்த வரிசை வீடுகளின் வாசல்களை அடைத்த பலகைகளில் ஆணி மட்டும் புதிதாக இருப்பதைக் கண்டு, உள்ளே சடலங்கள் இருக்கின்றன என்று புலனாய்வாளர் லெஸ்டர் ஃப்ரீமன் கண்டுபிடிக்கிறார். அவருடைய மேற்பார்வையாளர் லேண்ட்ஸ்மனோ ஆண்டுக் கடைசியில் பலகையைப் பிரிக்காதே என்று தடுக்கிறார். பிரித்தால் இன்னும் இருபதுக்கு மேல் சிவப்புப் பெயர்கள். பிறகு அவற்றைத் திறக்க அனுமதி வருவதும் இறந்தவர்கள்மேல் இரக்கப்பட்டு அல்ல. ஜனவரிக்கு முன் எடுத்துவிட்டால் எண்ணிக்கை பழைய மேயரின் கணக்கில் சேரும் என்று புதிய மேயரின் தரப்பு போட்ட கணக்கினால்.

மெக்நல்டியைப் பற்றி ஒரு வார்த்தை. முப்பதுகளின் தொடக்கத்தில் அவனாக இருக்க ஆசைப்பட்டேன். இப்போது அவன் அறைக்குள் வந்தாலே, இன்று யார் வேலைக்கு உலை வைக்கப்போகிறானோ என்று மனம் பதறுகிறது. மேலதிகாரிக்கும் கீழே இருப்பவர்களுக்கும் நடுவில் நின்று கத்தாமல் வேலை வாங்கும் டேனியல்ஸை அன்று விறைப்பான ஆள் என்று ஒதுக்கினேன். இன்று அவர்தான் அந்தக் கட்டடத்தில் எனக்குத் தெரிந்த மனிதர். அவராக நடித்த லான்ஸ் ரெடிக் 2023 மார்ச்சில் காலமானார். போதைப்பொருள் விற்பவர்களையே கொள்ளையடிக்கும் ஓமாராக நடித்த மைக்கேல் கே. வில்லியம்ஸ் அதற்கு முன்பே, 2021-இல். இருவரும் வரும் காட்சிகளில் கதையைப் பின்தொடர்வது கொஞ்சம் கடினமாகத்தான் இருந்தது.

எல்லாமே மெருகேறித் தெரிந்தது என்று சொல்ல முடியாது. மெக்நல்டி ஒரு தொடர் கொலைகாரனைக் கற்பனையாக உருவாக்கும் ஐந்தாம் சீசன் அன்றும் நம்பும்படி இல்லை, இன்றும் இல்லை. சைமன் தான் வேலை பார்த்த தொழிலைப் பற்றி எழுதும்போது மட்டும் கோபம் கையை மீறிவிட்டது என்றே நினைக்கிறேன். தெருவில் வாழும் ஆண்களுக்குக் கிடைத்த ஆழம் அவர்களுடைய தாய்மார்களுக்குக் கிடைக்கவில்லை. பழைய சதுரச் சட்டகத்தில் எடுத்த தொடரை 2014-இல் அகலத் திரைக்கு மாற்றியிருக்கிறார்கள். சில இடங்களில் நெருக்கமாக இருந்த முகங்களைச் சுற்றி வெற்றிடம் கூடிவிட்டது. தேடிப் பிடிக்க முடிந்தால் பழைய வடிவத்திலேயே பாருங்கள்.

கடைசி எபிசோடு முடிந்த இரவு, முதல் எபிசோட்டின் முதல் காட்சியை மட்டும் மறுபடி போட்டேன். நடுத்தெருவில் ஓர் இளைஞன் சுடப்பட்டுக் கிடக்கிறான். வீட்டுப் படியில் உட்கார்ந்து, அந்தக் கொலையைக் கண்ட ஒருவனிடம் மெக்நல்டி பேசிக்கொண்டிருக்கிறான். இறந்தவனைத் தெருவில் எல்லோரும் மூக்கொழுகி என்கிற மாதிரியான பட்டப்பெயரில்தான் அழைத்திருக்கிறார்கள். என்றோ ஒரு நாள் மேல்சட்டை எடுத்துவர மறந்து, சளி பிடித்து, மூக்கு ஒழுகியிருக்கிறது. அன்று வைத்த பெயர் ஆயுள் முழுக்க ஒட்டிக்கொண்டது, இது என்ன நியாயம் என்று மெக்நல்டி சொல்லும்போது முதல் தடவை எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அவன் தாய் மெனக்கெட்டு வைத்த பெயர் ஓமார் ஐசயா பெட்ஸ் என்று அதே மூச்சில் மெக்நல்டி சொல்வதைச் சப்டைட்டிலில் படித்த பிறகுதான் தெரிந்துகொண்டேன்.